ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் என் வாட்ஸ்அப் நிறைய ஆரம்பித்துவிடும். "அக்கா, ஜெர்மனிக்கு அப்ளை பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" ஜூனியரின் தங்கை, அம்மாவுடைய தோழியின் மகன், பக்கத்து வீட்டுக்காரரின் மருமகள் என்று யாராவது ஒருவர். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு அங்கே போய் மாஸ்டர்ஸ் படித்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒரே பதிலை நாற்பது பேருக்குத் தனித்தனியாகத் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்போம் என்று உட்கார்ந்தேன்.

இந்தியப் பட்டத்தோடு, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில், ஆங்கில வழி முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கானது இது. பொறியியல் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டணங்களும் தேதிகளும் மாறக்கூடியவை; பணம் கட்டுவதற்கு முன் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் சிஜிபிஏ 7.2. சீட் கிடைக்குமா அக்கா?

எல்லோருடைய முதல் கேள்வியும் இதுதான். நான் பதிலுக்குக் கேட்பது: நீ எடுத்த பாடங்கள் என்னென்ன?

நம் ஊரில் மதிப்பெண்தான் எல்லாம். கட்-ஆஃப் தாண்டினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. அங்கே மதிப்பெண் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் உங்கள் இளங்கலைப் பாடங்கள் அவர்கள் முதுகலைக்கு அடித்தளமாகப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் 9.5 வைத்திருந்தாலும் கதவு திறக்காது. பொருந்திவிட்டால், இடக்கட்டுப்பாடு இல்லாத பாடப்பிரிவுகளில் 7.2-க்கும் இடம் கிடைக்கும். சிவில் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸ், இ.சி.இ. முடித்துவிட்டு எம்.பி.ஏ. மாதிரியான மேலாண்மை என்று தாவ நினைக்கிறவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அமெரிக்காவுக்குப் போன நண்பன் தாவினான் என்பது இங்கே செல்லாது.

பாடங்கள் பொருந்துவது என்றால் எப்படிப் பார்ப்பது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்.

ஐரோப்பாவில் பாடச்சுமையை ஈ.சி.டி.எஸ். என்ற புள்ளியில் அளக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு 60 புள்ளி. ஒரு புள்ளி என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அவர்களுடைய மூன்றாண்டு இளங்கலை 180 புள்ளி. ஒவ்வொரு முதுகலைப் பாடப்பிரிவின் தளத்திலும் தேர்வு விதிகள் என்று ஒரு பி.டி.எஃப். இருக்கும். அழகான முகப்புப் பக்கத்தில் அது தென்படாது, கீழே எங்கோ கிடக்கும், சில நேரம் ஜெர்மன் மொழியில் மட்டும். அதைத் தேடி எடுங்கள். கணிதம் இத்தனை புள்ளி, மெக்கானிக்ஸ் இத்தனை, புரோகிராமிங் இத்தனை என்று கறாராக எழுதியிருப்பார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. நான்காண்டுப் பட்டத்தில் மொத்தம் 160 கிரெடிட் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுக்கு 240 ஈ.சி.டி.எஸ். என்றால் நம் ஒரு கிரெடிட் அங்கே ஒன்றரை. நான்கு கிரெடிட் கணிதத் தாள் ஒன்று 6 புள்ளி ஆகும். அப்படி நான்கு தாள் எழுதியிருந்தால் 24. அவர்கள் 20 கேட்டால் தாண்டிவிட்டீர்கள், 30 கேட்டால் அந்த இடத்தை மறந்துவிடலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் இதே விகிதத்தில் மாற்றும் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் போட்டுப்பார்க்க இந்தக் கணக்கு போதும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் விண்ணப்பித்த ஓர் இடத்திலிருந்து வந்த நிராகரிப்புக் கடிதத்தில் ஒரே ஒரு காரணம்தான்: கண்ட்ரோல் இன்ஜினியரிங் 6 புள்ளி, இல்லை. எனக்கு ஆத்திரம். கண்ட்ரோல் நான் படித்திருந்தேன், மெக்கட்ரானிக்ஸ் என்ற தாளுக்குள் ஒரு யூனிட்டாகவும் இன்னொரு விருப்பப் பாடத்தில் பாதியாகவும். மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? தலைப்பில் 'கண்ட்ரோல்' என்ற சொல்லே இல்லை. அடுத்த சுற்றில் சிலபஸின் அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்த இடத்தைக் கட்டம் கட்டி, இரு தாளுக்கும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டு மேலே வைத்தேன். வேறொரு பல்கலைக்கழகம், ஏறக்குறைய அதே விதி, இடம் கிடைத்தது.

ஆகவே சிலபஸ் புத்தகம்தான் உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. நீங்கள் படித்த ரெகுலேஷனின், அதாவது உங்கள் பேட்ச்சுக்கான பாடத்திட்டப் பதிப்பின், சிலபஸை இன்றே இறக்கிவையுங்கள். ஜூனியர்களின் புதிய ரெகுலேஷனை எடுத்துவிடாதீர்கள், பாடக் குறியீடு மாறி எல்லாம் குழம்பிவிடும். துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் கேட்கும் இடங்கள் உண்டு. கல்லூரியில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வேலைக்குப் போனபின் லீவு போட்டுவிட்டு வந்து துறை அலுவலக வாசலில் நிற்பது கொடுமை.

ஜெர்மன் கிரேடு என்று ஏதோ சொல்கிறார்களே?

அங்கே 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ். நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற 'மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

சிஜிபிஏ 8, உச்சம் 10, பாஸ் 5 என்றால்: 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4, மூன்று மடங்கு 1.2, ஒன்று கூட்டினால் 2.2. அதே 8-க்கு, பாஸ் புள்ளி 6 என்று எடுத்துவிட்டால் 2-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும், விடை 2.5 ஆகிவிடும். பாஸ் எல்லையை எங்கே வைக்கிறார்கள் என்பதில் இவ்வளவு இருக்கிறது. 2.5 வரைதான் எடுப்போம் என்று சொல்லும் பாடப்பிரிவுகள் நிறைய என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் ரெகுலேஷனில் தேர்ச்சிக்கான மிகக் குறைந்த கிரேடு புள்ளி எது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். கேட்கவில்லை என்றாலும் இணையுங்கள். முதல் கேள்விக்கு மிச்சமிருந்த பதில்: பாஸ் 5 என்றால் 7.2 என்பது 2.7-ஐ ஒட்டி வரும்.

ஏ.பி.எஸ். கட்டாயமா?

கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கும் அமைப்பு அது, அலுவலகம் டெல்லியில். 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் படித்தவர்கள் மாணவர் விசா கேட்கும்போது இந்தச் சான்று இருந்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களும் விண்ணப்பத்தோடு இதைக் கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். கல்லூரிக் கடைசி ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

சில வாரங்கள் ஆகும், எல்லோரும் முண்டியடிக்கும் மாதங்களில் இன்னும் இழுக்கும். ஒரு காகிதம் குறைந்தாலும் உங்களுக்கு மின்னஞ்சல் வந்து, நீங்கள் பதில் அனுப்பும் வரை கோப்பு அப்படியே கிடக்கும். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் போய் உட்கார்ந்து மூன்று வாரம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். தினமும் காலையில் பல் துலக்குகிற மாதிரி அந்தப் பெட்டியையும் பாருங்கள்.

பலர் ஐ.ஈ.எல்.டி.எஸ். முடித்துவிட்டு ஏ.பி.எஸ். பக்கம் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஆங்கிலத் தேர்வை நினைத்த வாரத்தில் எழுதிவிடலாம், ஏ.பி.எஸ். உங்கள் கையில் இல்லாத ஒன்று.

மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். பிரச்சினையா?

தமிழர்களுக்கே உரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் 'மணிமாறன் கா', பாஸ்போர்ட்டில் 'மணிமாறன் காளிமுத்து', ஆதாரில் 'கா. மணிமாறன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். ஜெர்மன் அலுவலருக்குக் 'கா' என்பது யார்?

ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். ஏ.பி.எஸ்., ஆங்கிலத் தேர்வு, பல்கலைக்கழகப் படிவம், வங்கி எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை என்றால் நல்லது. இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் அங்கே போனபின் வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படிவத்திலும் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டு வடிவமும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. செலவு சில நூறுதான்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். எவ்வளவு வேண்டும்? காலேஜில் ஆங்கில மீடியம் என்று லெட்டர் கொடுத்தால் போதாதா?

6.5 இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆங்கில மீடியம் கடிதத்தை ஏற்கும் இடங்களும் உண்டு, கண்டுகொள்ளாத இடங்களும் உண்டு. அதை நம்பி மட்டும் இறங்கினால் உங்கள் பட்டியல் பாதியாகிவிடும்.

ஜி.ஆர்.இ.?

பெரும்பாலான இடங்களில் தேவையில்லை. ஆஹன், மியூனிக் போன்ற இடங்களில் சில பாடப்பிரிவுகள் இந்தியப் பட்டதாரிகளிடம் ஜி.ஆர்.இ. அல்லது நம் ஊர் கேட் (GATE) தேர்வின் மதிப்பெண் கேட்பதுண்டு. அந்தப் பாடப்பிரிவுதான் வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால் எழுதுங்கள். சும்மா இருக்கட்டுமே என்று இருபதாயிரத்துக்கு மேல் கொட்டாதீர்கள்.

ஜெர்மன் தெரியாமல் போகலாமா?

சேர்க்கைக்கு என்று கேட்டால் போகலாம், ஆங்கில வழிப் பாடம்தானே. ஜெர்மன் வழிப் பாடத்துக்குச் சி1 நிலை வேண்டும்: டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் 4, இல்லையென்றால் டி.எஸ்.ஹெச். என்ற தேர்வில் இரண்டாம் நிலை. வாழ்வதற்கு என்று கேட்டால், கிளம்புவதற்கு முன் ஏ2 என்ற அடிப்படை நிலை வரையாவது முடித்துவிடுங்கள். சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆரம்ப வகுப்புகளுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பகுதி நேர வேலை, பின்னால் நிரந்தர வேலை இரண்டுக்கும் மொழிதான் தடுப்புச்சுவர். படிப்பை முடித்துவிட்டு ஓராண்டாக வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் பேசினால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம்) எப்படி எழுதுவது? ஒரு சாம்பிள் அனுப்புங்களேன்.

அனுப்ப மாட்டேன். நான் அனுப்பிய ஒன்று ஊர் சுற்றி, மூன்று ஆண்டு கழித்து எனக்கே 'இதைத் திருத்தித் தாங்க அக்கா' என்று வந்து சேர்ந்தது. என் அப்பாவின் லேத் பட்டறை அப்படியே இருந்தது, பையனின் பெயர் மட்டும் புதிது.

ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு பக்கம். சிறுவயதில் பொம்மைக் காரைக் கழற்றிப் பார்த்த கதை வேண்டாம். எல்லோரும் கழற்றியிருக்கிறார்கள். உங்கள் பிராஜெக்ட்டில் என்ன செய்தீர்கள், எது சொதப்பியது, அவர்களின் பாடப்பட்டியலில் எந்த மாட்யூல் உங்களுக்கு வேண்டும், ஏன் என்று நேராக எழுதுங்கள். கலாம் மேற்கோளோடு தொடங்கும் கடிதங்களை அந்தப் பேராசிரியர் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பார்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் இரண்டு போதும். உங்களுக்குப் பாடம் எடுத்தவரிடமோ பிராஜெக்ட் வழிகாட்டியிடமோ வாங்குங்கள். முதல்வரின் கையெழுத்துக்காக அலைய வேண்டாம், அவருக்கு உங்கள் முகமே தெரியாது. 'நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்' என்று சார் சொன்னால், கடிதத்தின் மொழி எஸ்.ஓ.பி. மொழி மாதிரியே இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனி-அசிஸ்ட், வி.பி.டி. இரண்டும் ஒன்றா?

யூனி-அசிஸ்ட் என்பது பெர்லினில் இருக்கும் ஒரு பொது அலுவலகம். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை முதல் சல்லடை போட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30. மூன்று இடம் என்றால் 135 யூரோ. சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவு அவர்களுடையது கிடையாது, அது பல்கலைக்கழகத்தின் கையில்.

வி.பி.டி. என்பது அதே அலுவலகம் உங்கள் பட்டத்தைப் பார்த்து, ஜெர்மன் கிரேடு இவ்வளவு என்று கணக்குப் போட்டு உங்களுக்கே தரும் ஆவணம். அதை வாங்கிக்கொண்டு நீங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்த முறையில்தான் கேட்கிறது. இரண்டும் இல்லாமல் நேரடியாகவே வாங்கிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. அங்கே விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவம்தான் பெரியது. ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்குப் பாடப்பிரிவுகள் குறைவு. இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஜூலை 15, ஜனவரி 15 என்று இரண்டு தேதி கிடைக்கும். அவற்றை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பல இடங்களில் அதற்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். ஆஹனில் மார்ச் 1. மியூனிக்கில் பல பாடங்களுக்கு மே 31. யூனி-அசிஸ்ட் சரிபார்க்கவே நாலைந்து வாரம் ஆகலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அக்டோபரில் அங்கே இருக்க வேண்டும் என்றால், அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் ஏ.பி.எஸ். வேலை தொடங்கியிருக்க வேண்டும். தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த சான்று, கையில் இருந்தால் நிம்மதி.

அரியர் வைத்திருந்தேன். கேப் வேறு இருக்கிறது. அவ்வளவுதானா?

முடித்துவிட்ட அரியரைப் பற்றி இவ்வளவு பயம் தேவையில்லை. இத்தனை அரியருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று பொது விதி எதுவும் இல்லை. கடைசி சிஜிபிஏ-வைத்தான் பார்க்கிறார்கள். கேப்பை மறைக்காதீர்கள். ஜெர்மன்காரர்களுக்கு ரெசுமேயில் மாதம் வருடத்தோடு இடைவெளி இல்லாத வரிசை வேண்டும். அரசுத் தேர்வுக்குப் படித்தேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைப் பார்த்துக்கொண்டேன், எதுவானாலும் ஒரு வரியில் எழுதுங்கள். விசா அலுவலரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்கள்?

அங்கேயும் இளங்கலை பெரும்பாலும் மூன்றாண்டுதான் என்பதால் வழி அடைபடவில்லை. ஆனால் நம் மூன்றாண்டை 180 புள்ளியாக ஒத்துக்கொள்வது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பாடப்பிரிவின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் போடுவார்கள், கொஞ்சம் வறண்ட நடையில்.

அதோடு, வெளிநாட்டுப் பட்டங்களுக்கான 'அனபின்' என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். ஹெச் பிளஸ் என்றிருந்தால் அங்கீகாரம் உண்டு, ஹெச் மைனஸ் என்றால் இல்லை, இரண்டும் சேர்ந்திருந்தால் உங்கள் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரைத் தேடி, காணவில்லை என்று பதறுகிறார்கள். பட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் பல்கலைக்கழகத்தைத்தான் தேட வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். இது எனக்கும் பொருந்துமா?

ஏ.பி.எஸ். உங்களுக்கு இல்லை, இலங்கைப் பட்டத்துக்கு அந்தச் சான்று கேட்பதில்லை. விசா கொழும்பிலுள்ள தூதரகம் வழியாக. பாடப்பொருத்தம், கிரேடு சூத்திரம், யூனி-அசிஸ்ட், கீழே சொல்லப்போகும் பூட்டிய வங்கிக் கணக்கு எல்லாம் அதேதான்.

படிப்பு இலவசம் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை நூறு முதல் முந்நூற்றைம்பது யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை உண்டு. பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

விதிவிலக்கு இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பர்க், ஃப்ரைபர்க், உல்ம் ஊர்களில், 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து முதுகலைக்குப் பாடத்தைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. பழைய யூடியூப் வீடியோக்களில் மியூனிக் இன்னும் இலவசமாகத்தான் இருக்கிறது.

பிளாக்ட் அக்கவுண்ட் என்றால் என்ன? அவ்வளவு பணத்தையும் கட்டிவிட வேண்டுமா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் அப்பாக்களிடமிருந்து வரும். அந்தப் பணம் எங்கும் போய்விடாது சார், அது உங்கள் பிள்ளையின் செலவுக்கான பணம்தான். ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு பூட்டிய கணக்கில் போட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் பிள்ளையின் கைக்கு வரும். மொத்தமாக எடுக்க முடியாது. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 11 லட்சத்து 90 ஆயிரம். விசா கிடைக்கவில்லை என்றால் கணக்கை மூடிப் பணத்தைத் திரும்ப வாங்கலாம்; சேவைக் கட்டணமும் மாற்று விகித நஷ்டமும்தான் போகும்.

கல்விக் கடன் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நம் வங்கிகள் கல்லூரியின் பெயருக்குக் கட்டணம் அனுப்பியே பழகியவை. கல்லூரிக் கட்டணமே இல்லாத படிப்புக்கு, மாணவரின் பெயரில் உள்ள வெளிநாட்டுக் கணக்குக்குப் பன்னிரண்டு லட்சம் கேட்டால் கிளை மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை உங்களைப் பார்ப்பார். அட்மிஷன் கடிதத்தோடு தூதரகத் தளத்தில் இந்தத் தொகை போட்டிருக்கும் பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். பத்து லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை அனுப்பினால் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளித்துவிடலாமா?

ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது. ஆனால் வந்த முதல் மாதமே வேலை கிடைக்கும் என்று கடன் தவணையைத் திட்டமிடாதீர்கள். கைச்செலவுக்கு ஆகும். மாணவர் மருத்துவக் காப்பீடே மாதம் 140 யூரோவுக்கு மேல். அதுவும் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு. தாண்டியவர்களுக்கு அந்த மாணவர் சலுகை கிடையாது. வேலை பார்த்துவிட்டு முப்பதில் படிக்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

கன்சல்டன்சியிடம் கொடுத்துவிடலாமா? எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியார் கல்லூரிகள் தருகின்றன. உங்களிடம் 'உங்க புரொஃபைலுக்குப் பப்ளிக் கஷ்டம்தாங்க' என்று எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தால் புரிந்துவிடும். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் சிஜிபிஏ 8.4. அவளுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தந்து, முதல் தவணைக்கு வீட்டை அடகு வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதே பாடம் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லாமல் இருந்தது.

தனியாரில்தான் சேர்வேன் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். மாநில அங்கீகாரம் இருக்கிறதா? வகுப்பு நேரில் நடக்கிறதா, ஆன்லைனிலா? மாணவர் அனுமதி நேரில் படிப்பவருக்கானது. பாதிக்கு மேல் திரையில் நடக்கும் படிப்பென்றால் விசாவிலோ பின்னால் அனுமதியைப் புதுப்பிக்கும்போதோ சிக்கல் வரலாம். பாடப்பிரிவு தேட டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் இலவசத் தேடல் இருக்கிறது. கன்சல்டன்சிகளும் அதைப் பார்த்துத்தான் தேடுகின்றன.

டி.யூ.வா, ஹோக்ஷூலேவா?

பின்னால் பி.ஹெச்டி. எண்ணம் இருந்தால் டி.யூ., அதாவது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பக்கம் போங்கள். வேலைதான் குறி என்றால், பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமான ஹோக்ஷூலே எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. செய்முறை அதிகம், கம்பெனித் தொடர்பும் நெருக்கம். உலகத் தரவரிசையில் பெயர் இல்லையே என்று மாமா கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஸ்காலர்ஷிப்?

மாஸ்டர்ஸுக்குக் குறைவு. டி.ஏ.ஏ.டி.யின் வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். டாய்ச்லண்ட்ஸ்டிபெண்டியம் மாதம் 300 யூரோ, சேர்ந்தபிறகு கேட்பது. கட்சி சார்ந்த அறக்கட்டளைகளும் தருகின்றன. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிக் கடனைக் குறைக்காதீர்கள்.

எத்தனை இடத்துக்கு அப்ளை பண்ணலாம்?

ஆறிலிருந்து எட்டு. கிரேடு கட்டுப்பாடு கடுமையான இரண்டு, பாடமும் மதிப்பெண்ணும் சரியாகப் பொருந்தும் மூன்று நான்கு, இடக்கட்டுப்பாடே இல்லாதவை இரண்டு. முப்பது இடத்துக்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முப்பதிலும் ஒரே காகிதக் குறை, முப்பதிலிருந்தும் ஒரே பதில்.

அட்மிஷன் வந்துவிட்டது. விசாவுக்கு எவ்வளவு நாள்?

கடிதம் வந்த அன்றே வேலையை ஆரம்பியுங்கள். இப்போது ஆவணங்களை முதலில் ஜெர்மன் தூதரகங்களின் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில் ஏற்றி, அவர்கள் பார்த்தபின் வி.எஃப்.எஸ். என்ற விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் அதிகம்.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் தடவையே காகிதங்கள் சுத்தமாக இருக்கட்டும். 'ஏன் இந்தப் பாடம்' என்ற கடிதத்தில் எழுதியதும் நீங்கள் நேரில் சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும். குறித்த தேதிக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதித் தாமதமாகச் சேர அனுமதி கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தருவார்கள். சில இடங்களில் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போகணுமா?

ஆமாம், சேர்க்கை நாளில் ஒரிஜினலைக் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, எல்லா செமஸ்டர் பட்டியலும், பட்டம், ஏ.பி.எஸ்., எல்லாம் ஒரே ஃபைலில். புரொவிஷனல் சான்றிதழை வைத்துச் சேர்ந்தவர்கள், பட்டமளிப்பு விழாவில் பட்டத்தை யார் வாங்குவது, எப்படி அனுப்புவது என்று அப்பாவிடமோ அண்ணனிடமோ கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அம்மாவின் போனிலும் ஒரு பிரதி. அந்த ஃபைலைச் செக்-இன் பெட்டியில் புளிக்காய்ச்சலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தோள் பையில் வையுங்கள். என் ஆறாவது செமஸ்டர் பட்டியலின் ஓரத்தில் இன்றும் எண்ணெய்க் கறை இருக்கிறது.